வெள்ள கோட்டும் வெளுக்கிற கிறீமும்

எங்க இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் தம்பி ஒருத்தன் கெம்பஸுக்கு மெடிசின் செலக்ட் ஆனப்ப தோட்டமே வெடி போட்டுச்சு, கோயில் வாசல்ல பேனர் கட்டுனாங்க, அவன் அம்மா மட்டும் அன்னைக்கும் மலைக்குப் போயி கொழுந்து எடுத்துட்டு மத்தியானம் நிறுவைக்குப் பொறகுதான் வந்து சேந்துச்சு, வராட்டி பேரு, அதான் அன்னைய நாள் சம்பளம், போயிரும்ல. அந்தத் தம்பி பேராதனையில அஞ்சு வருஷம் படிச்சு, ஒரு வருஷம் இன்டர்ன் முடிச்சு, இப்ப நம்ம பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்னுல மெடிக்கல் ஒபிசர். சின்ன வயசுலருந்து பாத்த புள்ளங்கிறதால இங்க அவன் இவன்னு எழுதுறேன், நாலு பேருக்கு முன்னாடி டொக்டர்தான். போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் ஹட்டன்ல என் பாமசிக்கு வந்தான், பிளேன்டீ குடிச்சான், கொஞ்ச நேரம் அலுமாரிய பாத்துக்கிட்டே நின்னான், அப்புறம்தான் கேட்டான், "அண்ணே, எஸ்தெடிக்ஸ் பக்கம் போலாமான்னு பாக்குறேன், என்ன நெனைக்கிறீங்க?"

மூஞ்சிய அழகாக்குற வைத்தியம் பாக்கவா, இதுக்காடா உங்கம்மா கொழுந்து எடுத்துச்சுன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. நல்ல வேளை டீ சூடா இருந்துச்சு, முழுங்கிட்டேன். அவன் போனதுக்கப்புறம்தான் யோசிச்சேன், இருபது வருஷமா அந்தக் கவுண்டர்ல நின்னு நான் வித்த கிறீம்ல பாதி முகத்துக்குத்தானே, அத விக்கிற எனக்கு என்ன யோக்கியதை இருக்கு அவன கேக்க. அப்புறம் தெரிஞ்ச டொக்டர்மார்கிட்ட கேட்டது, நானா தேடி வாசிச்சது, கண்ணால பாத்தது எல்லாத்தையும் சேத்து வச்சுதான் இத எழுதுறேன், ஏன்னா அவன் மாதிரி இன்னும் எத்தனையோ புள்ளைங்க இதே கேள்வியோட இருக்காங்க.

முதல்ல எஸ்தெடிக் மெடிசின்னா என்ன. பிளாஸ்டிக் சேர்ஜரி இல்ல, அது ஒபரேஷன் தியேட்டர் வேலை, அதுக்கு வருஷக்கணக்குல தனிப் படிப்பு. இது வெட்டுக்குத்து இல்லாம, இல்லன்னா சின்னதா ஒரு ஊசிக் குத்தோட முடியுற வேலை: நெத்திச் சுருக்கத்துக்கு பொட்டொக்ஸ், கன்னம் உதடு நிரப்ப ஃபில்லர், முடி எடுக்கவும் கறை எடுக்கவும் லேசர், தோல உரிக்கிற பீல், நம்ம ரத்தத்துலயே எடுத்துப் பிரிச்சு தலையில குத்துற பி.ஆர்.பி. மத்த வைத்தியத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் ஊசியில இல்ல, ஆள்ல. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க நோயோட வர்றாங்க, இங்க வர்றவங்க ஆசையோட வர்றாங்க. நோய்க்கு ஒரு அளவு இருக்கு, காய்ச்சல் 103ன்னா 103தான். ஆசைக்கு எந்த தெர்மாமீட்டர வைக்கிறது?

இதுல ஒரு வேடிக்கை, இந்தத் தொழிலே வேற வேலை பாத்துக்கிட்டிருந்த டொக்டர்மார் கையிலதான் பொறந்துச்சு. பொட்டொக்ஸ்ங்கிறது ஒரு நஞ்சு, முதல்ல அது கண் டொக்டர் மருந்து. சான் பிரான்சிஸ்கோவுல அலன் ஸ்கொட்ங்கிறவரு மாறுகண்ண கத்தி வைக்காம சரி பண்ண வழி தேடி அந்த நஞ்ச துளித்துளியா குத்திப் பாத்தாரு, 1989ல மாறுகண்ணுக்கும் இமை துடிக்கிற வியாதிக்கும் அமெரிக்காவுல அனுமதி கெடச்சுச்சு. கனடாவுல வான்கூவர்ல ஜீன் கரூதர்ஸ்னு ஒரு கண் டொக்டர் அம்மா, அவங்ககிட்ட இமை துடிப்புக்கு ஊசி போட வந்த ஒரு நோயாளி ஏன் எனக்கு இன்னைக்கு புருவத்துக்கு நடுவுல குத்தலன்னு கோவிச்சுக்கிச்சாம், அங்க குத்துனா மூஞ்சில இருக்குற சிடுசிடுப்பு போயி அமைதியா தெரியுதுன்னு காரணம் சொல்லிச்சாம். அந்த டொக்டர் அம்மாவோட வீட்டுக்காரர் தோல் டொக்டர். ராத்திரி சாப்பாட்டு மேசையில விசயம் அவர் காதுக்குப் போச்சு, மறுநாள் அவங்க கிளினிக் ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு நெத்தியிலதான் முதல் சோதனை. 1992ல ரெண்டு பேரும் சேந்து கட்டுரை எழுதுனாங்க, 2002ல புருவச் சுருக்கத்துக்கும் அமெரிக்காவுல அனுமதி வந்துச்சு. அதனால ஒரு டொக்டர் பாதை மாறி இங்க வந்தா அது வைத்தியத்துக்குப் பண்ற துரோகம்னு யாராச்சும் சொன்னா எனக்கு ஒப்புக்க முடியாது.

சரி, நம்ம புள்ளைங்க ஏன் போறாங்க. காசுன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிரலாம், ஆனா அது முழு உண்மை இல்ல. இன்டர்ன் முடிஞ்சா நியமனத்துக்குக் காத்திருக்கணும், அப்புறம் தூரத்துல எங்கயாச்சும் போஸ்டிங், அப்புறம் ட்ரான்ஸ்பர் லிஸ்ட். ஸ்பெஷலிஸ்ட் ஆகணும்னா மேல்படிப்புக்கு பி.ஜி.ஐ.எம். நடத்துற சோதனை, அதுல எடம் கொஞ்சம்தான், பாஸ் பண்ணி ரெஜிஸ்ட்ரார், சீனியர் ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டு ட்ரெய்னிங்னு கன்சல்டன்ட் ஆகி முடிய தலையில நரை தட்டிரும். தோல் வைத்தியத்துக்கு போட்டி இன்னும் அதிகம், ராத்திரி கூப்புடாத டிபார்ட்மென்ட் வேற, யாருக்குத்தான் ஆசை இருக்காது. 2022ல ரூபா விழுந்தப்ப நூத்துக்கணக்குல டொக்டர்மார் லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் போனாங்க. போக முடியாதவங்க, போக மனசில்லாதவங்க, அம்மா அப்பாவ லயத்துல விட்டுட்டுப் போக முடியாதவங்க உள்ளூர்லயே ஒரு மாத்து வழி தேடுறாங்க. அரசாங்க டொக்டர் டியூட்டி நேரத்துக்கு வெளிய தனியா பிரக்டிஸ் பண்ணலாம்கிறதால பின்னேரத்துல இந்த வேலையத் தொடங்குறது லேசாவும் இருக்கு.

தம்பி இன்னொன்னும் சொன்னான், எனக்கு அது மனசுல நின்னுருச்சு. "அண்ணே, ஓ.பி.டி.யில ஒரு நாளைக்கு அத்தன பேர பாக்குறேன், ஒருத்தர் முகத்தையாச்சும் சரியா பாக்க நேரமில்ல." முகத்த பாக்குற வேலைக்குப் போக ஆசப்படுறவன் அதச் சொன்னா சிரிப்பு வரும், ஆனா அவன் சிரிக்கல.

இப்ப என் கவுண்டருக்கு வாங்க. கொழும்புல கடை வேலை செய்ற ஒரு தங்கச்சி தீவாளிக்கு வீட்டுக்கு வந்தது, இருவத்திரெண்டு வயசு இருக்கும், முகத்துல துணி சுத்தி வந்துச்சு. கையில ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா, லேபல் இல்ல, மஞ்சளும் வெள்ளையுமா உள்ள ஒரு கிறீம், பியூட்டி பார்லர்ல கலந்து குடுத்ததாம். "அண்ணே, இதே மாதிரி ஒன்னு இருக்கா, இது முடியப் போவுது, நிப்பாட்டுனா எரியுது." துணிய எடுக்கச் சொன்னேன். கழுத்து ஒரு நெறம், முகம் ஒரு நெறம். கன்னத்துல நூல் மாதிரி செவப்பு நரம்பு ஓடுது, தாடையில சின்னச் சின்னதா பொரி, மேல் உதட்டுக்கு மேல பூனை முடி கறுத்து வளந்திருக்கு, அடுப்புப் பக்கம் போனாலே தீயா எரியுதாம். எட்டு மாசமா பூசுதாம். முதல் மாசம் எல்லாரும் கலராயிட்டன்னு சொன்னாங்களாம்.

இந்த மாதிரி டப்பாவுக்குள்ள பெரும்பாலும் ஸ்டீரொய்டுதான், பீட்டாமெத்தசோன், இல்ல அதவிட பலமான குளோபெட்டசோல். இதெல்லாம் கெட்ட மருந்து இல்ல, எக்ஸிமா மாதிரி தோல் அழற்சிக்கு டொக்டர் துண்டு எழுதி ரெண்டு வாரம் பூசுனா அருமையான மருந்து. முகத்துல மாசக்கணக்குல பூசுனா தோல் மெலிஞ்சு போயி கடைசியில அந்த மருந்து இல்லாம இருக்க முடியாத நெலமைக்கு வந்துரும், நிப்பாட்டுன உடனே செவந்து வீங்கி பழி வாங்கும், பயந்து போயி திரும்பவும் பூசுவாங்க. சில வெளுக்கிற கிறீம்ல பாதரசம் இருக்கும், அது தோல்ல மெலனின் உண்டாகுறத தடுக்கும், கூடவே உள்ள போயி கிட்னியப் பிடிக்கும். பாதரசத்தக் கட்டுப்படுத்த நாடுகள் சேந்து போட்ட மினமாட்டா உடன்படிக்கையில அழகுக் கிறீம்ல பாதரசத்துக்கு வச்ச எல்லை பத்து லட்சத்துல ஒரு பங்கு, அதையும் இப்ப முழுசா நிப்பாட்டணும்னு முடிவாயிருச்சு. லேபலே இல்லாத டப்பாவுல யாரு அளந்து பாக்குறது? ஒரு நாள் பேருக்கு ஒரு டப்பா வாங்கிறலாம். 2021ல ஆயிரமாகி 2024ல 1350 ஆன அந்தப் பேருக்கு எத்தன சண்டை புடிச்சாங்கன்னு நெனச்சா வயிறு எரியுது.

இதுக்கு மேல ஒரு படி, வெளுக்கிறதுக்குன்னே குளூட்டதயோன் ஊசி. அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்குற எஃப்.டி.ஏ. தோல் வெளுக்கிறதுக்குன்னு ஒரு ஊசிக்கும் அனுமதி குடுக்கல, எச்சரிக்கைதான் குடுத்திருக்கு. ஆனா புள்ள கலரான்னு கேக்குற மாப்பிள்ள வீட்டுக்காரங்க எஃப்.டி.ஏ. பேச்சையா கேக்கப் போறாங்க.

நம்ம மலைநாட்டுக்குன்னு ஒரு தோல் கணக்கு இருக்கு, அத யாரும் பேசுறதில்ல. நுவரெலியா கடல் மட்டத்துலருந்து 1868 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறுனா புற ஊதாக் கதிர் பத்து வீதத்துக்கு மேல கூடும், அதுக்கு மேல நாம பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்குலதான் இருக்கோம், வெயில் நேரா எறங்குது. மேகம் மூடியிருந்தாலும் மெல்லிசு மேகத்த தாண்டி அந்தக் கதிர்ல பெரும்பங்கு வந்துரும். ஆனா ஒடம்புக்கு குளுருது, குளுருற எடத்துல வெயில் சுடும்னு யாரு நெனப்பா? காலையில ஏழரைக்கு மலைக்குப் போயி நாலரைக்கு எறங்குற பொம்பளைங்க கன்னத்தப் பாருங்க, ரெண்டு பக்கமும் வண்ணத்துப்பூச்சி செறகு விரிச்ச மாதிரி மங்கு. புள்ள பெத்ததுக்கப்புறம் வந்துச்சும்பாங்க, அதுவும் சரிதான், ஹோமோனும் வெயிலும் சேந்துதான் மங்கு. கூடைக் கயிறு தலையில மாட்டுற எடத்துல முடி இழுபட்டு இழுபட்டு முன் வகிடு அகலமாயிருக்கும். கையில கொழுந்துக் கறையும் வெடிப்பும். மாரியில காலெல்லாம் அட்டைக் கடி தழும்பு. இதெல்லாம் எந்த கிளினிக் விளம்பரத்துலயும் வராது, ஆனா தோலப் படிக்கிற ஒரு டொக்டருக்கு இதவிட வேற என்ன வேணும்.

மங்குக்கு இப்ப டிரனெக்சமிக் அசிட் மாத்திரையும் குடுக்குறாங்க. இது ரத்தப் போக்க நிப்பாட்டுறதுக்கு 1962ல ஜப்பான்ல கண்டுபிடிச்ச மருந்து, 1979ல அங்கயே ஒரு டொக்டர் வேற நோய்க்குக் குடுத்தப்ப கன்னத்து மங்கு கொறையுறத கவனிச்சாரு. வெலையும் அவ்வளவு இல்ல. ஆனா ரத்தம் கட்டிப் போற வியாதி இருக்கிறவங்களுக்கு குடுக்கக்கூடாது, குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கிறவங்கன்னா யோசிக்கணும், கால் வீங்கி நோவுதான்னு கேக்கணும். பார்லர் அக்கா இத கேக்க மாட்டாங்க, அவங்க மேல தப்பில்ல, அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

எனக்கு இந்தத் தொழில் மேல மரியாத வந்ததே இந்த எடத்துலதான். கழுத்த சுத்தி கறுப்பு, எத்தன தேச்சாலும் அழுக்கு போகலன்னு ஒரு புள்ளைய அவ அம்மா கூட்டிட்டு வந்தாங்க, வெளுக்கிற கிறீம் கேட்டு. நான் தோராயமா தெரிஞ்சத வச்சு ரத்தத்துல சீனி பாக்கச் சொன்னேன். அந்தக் கறுப்பு அழுக்கே இல்ல, வெல்வெட் துணி மாதிரி தடிச்சுப் போன தோல், ஒடம்புல இன்சுலின் வேலை செய்யாம தேங்குறப்ப வர்றது. முகத்துல முடி வளருது லேசர் பண்ணணும்னு வர்ற பொண்ணுக்கு மாசம் ஒழுங்கா வருதான்னு கேக்கணும், சினைப்பையில நீர்க்கட்டி இருந்தா லேசர் எத்தன தடவ அடிச்சாலும் முடி திரும்ப வரும். வெளுத்த தேமல் மாதிரி ஒரு புள்ளி, அத கறுக்க வைக்கவோ மறைக்கவோ முன்னாடி பஞ்சால தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பாக்கணும், தொழுநோய் இன்னும் நம்ம நாட்ட விட்டுப் போகல. அழகுக்குன்னு வந்து உக்காந்தவங்க மூஞ்சியில வியாதிய வாசிக்கத் தெரிஞ்சாத்தான் அந்த வெள்ள கோட்டுக்கு வேலை, இல்லன்னா அது பார்லர் ஏப்ரனேதான்.

லேசர் விசயத்துக்கு வருவோம், நம்ம நெறத்துக்கு இது ரொம்ப முக்கியம். 1983ல அமெரிக்காவுல அண்டர்சன், பரிஷ்ங்கிற ரெண்டு டொக்டர்மார் ஒரு விசயத்த விளக்குனாங்க, ஒளியோட அலைநீளத்தையும் அது விழுற நேரத்தையும் சரியா தெரிஞ்செடுத்தா சுத்தியுள்ள தோல விட்டுட்டு நமக்கு வேண்டிய இலக்க மட்டும் சூடாக்கி அழிக்கலாம்னு. முடி எடுக்கிறப்ப இலக்கு முடி வேர்ல இருக்குற கறுப்பு, அதாவது மெலனின். வெள்ளக்கார தோல்ல கறுப்பு முடி இருந்தா லேசருக்கு சுளுவு, வெள்ளத் தாள்ல கறுப்புக் கோடு. நம்ம தோல்லயே மெலனின் இருக்கே, தாளும் கறுப்பு கோடும் கறுப்புன்னா லேசர் எத அடிக்கும்? ரெண்டையும்தான். அதனால 755 நனோமீட்டர் லேசர் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு சூதானமா பாக்க வேண்டியது, 1064 நனோமீட்டர் என்.டி.யாக்ங்கிற லேசர் ஆழமா எறங்கும், மேல் தோல் மெலனின்ல கொறச்சலா மாட்டும், அதுதான் கறுத்த தோலுக்கு பாதுகாப்பு. கோர்ஸ்ல வெள்ளத் தோல் மாடல் மேல பழகிட்டு வந்து அதே செட்டிங்ல நம்ம புள்ளைக்கு அடிச்சா தோல் வெந்து, ஆறி, முன்னாடி இருந்தத விட கறுத்த கறையா நிக்கும். கறை எடுக்கப் போயி கறை வாங்கிட்டு வந்தவங்க மூணு நாலு பேர என் கவுண்டர்லயே பாத்திருக்கேன், எல்லாம் வேற வேற எடம், எடத்த சொல்லி பிரயோசனம் இல்ல.

ஃபில்லர்தான் எனக்கு பயம். ஹையலூரோனிக் அசிட்ங்கிற ஜெல்ல தோலுக்கடியில ஏத்துறது, கைக்கு வந்தவங்க செஞ்சா பாக்க மாயம் மாதிரி இருக்கும். ஆனா முகத்துல ரத்தக் குழாய் வலை மாதிரி ஓடுது, ஊசி முனை குழாய்க்குள்ள போயிருச்சுன்னா அந்த ஜெல் அடைச்சுக்கும், தோல் வெளுத்து, அப்புறம் நீலமும் செவப்புமா புள்ளி விழுந்து, கவனிக்காம விட்டா அழுகிப் போகும். மூக்கு, புருவ நடு, இந்த எடங்கள்ல குழாய் கண்ணுக்குப் போற குழாயோட தொடர்பு வச்சிருக்கு, அழுத்தித் தள்ளுனா ஜெல் பின்னோக்கிப் போயி விழித்திரைக்கு ரத்தம் நின்னு பார்வை போயிரும். அரிதுதான், ஆனா நடந்திருக்கு. கரைக்கிறதுக்கு ஹையலூரோனிடேஸ்னு ஒரு மருந்து இருக்கு, அது கையில இருக்கணும், இருந்தாலும் கண்ணுக்குள்ள போனத கரைச்சு பார்வைய திருப்பிக் குடுக்கும்னு உறுதி சொல்ல முடியாது. விழித்திரை ரத்தம் இல்லாம தாங்குற நேரம் கூடிப் போனா ஒன்றரை மணித்தியாலம்னு சொல்றாங்க.

ஹட்டன்ல ஒருத்தருக்கு அது நடந்துருச்சுன்னு வச்சுக்கங்க. கினிகத்தேனை வளைவு எறங்கி, நாவலப்பிட்டி டவுனுக்குள்ள பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னு, கம்பளை, பேராதனை தாண்டி கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக சாதாரண நாள்லயே ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல, மண்சரிவு நாள்னா கதையே வேற. 1990ங்கிற நம்பருக்கு கூப்புட்டா வர்ற அம்பியூலன்ஸ் எவ்வளவு வேகமா வந்தாலும் ரோட்ட சுருக்க முடியாது. கொழும்பு ஏழுல ஒரு கிளினிக்ல எடுக்குற அதே ஊசி இங்க எடுத்தா அதே ஆபத்து இல்ல, வேற ஆபத்து. தம்பிகிட்ட இத சொன்னப்ப அவன் ஃபோன எடுத்து தூரத்த பாத்தான், தெரிஞ்ச ரோடுதான், இருந்தாலும் பாத்தான்.

படிப்பு விசயத்துல நம்ம நாடு இன்னும் நடுவுல நிக்குது. மெடிக்கல் கவுன்சில்ல பதிஞ்ச எம்.பி.பி.எஸ். டொக்டர் ஒருத்தர் இந்த வேலைக்கு வர்றதுக்கு தோல் வைத்தியம் மாதிரி, பிளாஸ்டிக் சேர்ஜரி மாதிரி வருஷக்கணக்கான தனிப் பாதை எதுவும் போட்டு வச்சதா எனக்குத் தெரியல. அதனால ரெண்டு நாள், அஞ்சு நாள் கோர்ஸ், ஒன்லைன் டிப்ளோமா, சுவத்துல தங்க எழுத்து போட்ட சேட்டிபிக்கட். சில கோர்ஸ் நல்லா இருக்கு, உண்மையிலயே கையப் புடிச்சு சொல்லிக் குடுக்குறாங்க, சிலது கோட்டு போட்டு ஃபோட்டோ புடிக்கிறதோட சரி. அமெரிக்காவுலயும்கூட எஸ்தெடிக் மெடிசின்ங்கிறது அவங்க ஸ்பெஷலிட்டி போட், அதாவது ஸ்பெஷலிஸ்ட் தகுதி குடுக்குற சபைகளோட பட்டியல்ல தனியா இல்ல, அதனால அமெரிக்கன் போட் சேட்டிபைட்னு யாராச்சும் போட்டிருந்தா எந்த போட்னு கேக்குறது நல்லது.

மத்த நாட்டுக்காரங்க தலைய பிச்சுக்கிட்டுத்தான் இதுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. சிங்கப்பூர்ல 2008ல மெடிக்கல் கவுன்சில் ரெண்டு பட்டியல் போட்டுச்சு, ஆதாரம் இருக்குற வேலை ஒரு பக்கம், ஆதாரம் போதாதது ஒரு பக்கம். மலேசியாவுல சாதாரண ஜி.பி. டொக்டர் இந்த வேலை செய்யணும்னா சுகாதார அமைச்சுகிட்ட எல்.சி.பி.ன்னு தனி அனுமதி எடுக்கணும், எந்த டொக்டர் எது வரைக்கும் செய்யலாம்னு படி வச்சிருக்காங்க. இந்தியாவுல 2022ல மெடிக்கல் கமிஷன் முடி நடுற வேலைய வேர்க்ஷொப்ல பாத்தும் யூடியூப் பாத்தும் கத்துக்கிட்டது போதாதுன்னு எழுத்துல சொல்ல வேண்டிய நெலம வந்துச்சு. பிரித்தானியாவுல 2013ல அரசாங்க சுகாதார சேவையில பெரிய டொக்டரா இருந்த புரூஸ் கியோ தலைமையில வந்த அறிக்கை என்ன சொன்னுச்சு தெரியுமா, முகத்துல ஃபில்லர் போட்டுக்கிறவங்களுக்கு இருக்குற பாதுகாப்பு ஒரு பேனாவோ பல்லு விளக்குற பிரஷ்ஷோ வாங்குறவங்களுக்கு இருக்குறதவிட கூட இல்லன்னு. நம்மகிட்டயும் ஒன்னுமே இல்லன்னு சொல்ல மாட்டேன், 2006ல வந்த 21ஆம் இலக்க சட்டப்படி தனியார் வைத்திய நிலையம் எதுவும் பதிஞ்சிருக்கணும், மருந்துக்கும் கருவிக்கும் 2015 சட்டத்துல வந்த என்.எம்.ஆர்.ஏ.ங்கிற மருந்து ஒழுங்குபடுத்துற அதிகாரசபை இருக்கு, டொக்டர்மார் தங்கள விளம்பரப்படுத்திக்கக் கூடாதுன்னு மெடிக்கல் கவுன்சில் ஒழுக்க விதியிலயும் இருக்கு. ஆனா டிக்டொக்க தொறந்து பாருங்க.

காசுக் கணக்கையும் பேசிருவோம், ஏன்னா நெறைய பேர் வருமானத்த மட்டும் பாக்குறாங்க. ஒரு பேச்சுக்கு நல்ல லேசர் மெஷின் ஒன்னு முப்பதாயிரம் டொலர்னு வைங்க. 2022 ஆரம்பத்துல டொலர் 200 ரூபா, அறுவது லட்சம். சில மாசத்துல டொலர் 360 தொட்டுச்சு, அதே மெஷின் ஒரு கோடியே எட்டு லட்சம். லோன் போட்டு மெஷின் வாங்குனவரு மாசத் தவணை கட்டணும், தவணை கட்டணும்னா மெஷின் ஓடணும், மெஷின் ஓடணும்னா ஆள் வரணும். அப்பதான் உங்களுக்கு இது வேணாம்னு சொல்ல வேண்டிய வாய் ஆறு செஷன் பண்ணுங்கன்னு சொல்லும். கெட்ட டொக்டர்ங்கிறதால இல்ல, தவணை நாள் வருதுங்கிறதால. பொட்டொக்ஸ் குப்பிய பிரிட்ஜ்ல ரெண்டுலருந்து எட்டு பாகைக்குள்ள வைக்கணும், 2022 மார்ச் கடைசியில பதிமூணு மணித்தியாலம் கரண்ட் இல்லாம நான் இன்சுலின காப்பாத்த பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தொறந்த குப்பிய ரொம்ப நாள் வச்சிருக்கவும் முடியாது, ஒரே நாள்ல நாலஞ்சு பேர சேத்தாத்தான் கட்டும். ஊசியோட வேலையும் மூணு நாலு மாசம்தான், அதுக்கப்புறம் சுருக்கம் திரும்பி வரும், அதனாலதான் இது நிலையான வருமானம்னு சொல்றாங்க. கண்டியிலயும் கொழும்புலயும் அந்தக் கூட்டம் இருக்கு. ஹட்டன்லயும் பதுளையிலயும் பண்டாரவளையிலயும் கல்யாண சீசனுக்குத்தான் வருவாங்க. ஆக இந்தப் பாதையில போற மலைநாட்டு டொக்டர் பத்துக்கு எட்டு பேர் மலைய விட்டு எறங்கிருவாங்கன்னுதான் எனக்குப் படுது, இது என் கணிப்பு, புள்ளிவிவரம் இல்ல.

அதுல எனக்கு வருத்தம் இருக்கு, மறைக்க விரும்பல. நம்ம புள்ளைங்க மெடிசின் போறதே பெரும்பாடு. தமிழ் மீடியத்துல பயோ படிக்க ஒழுங்கான ஸ்கூல விரல் விட்டு எண்ணலாம், பௌதீகத்துக்கு வாத்தியார் இருந்தா ரசாயனத்துக்கு இருக்க மாட்டாரு. வார்ட்டுல வயசான ஒரு ஆயா தனக்கு என்ன நோவுன்னு தமிழ்ல சொல்லி அத தமிழ்லயே கேக்குற ஒரு டொக்டர் இருக்கிறது சின்ன விசயமில்ல. ஆனா அந்தப் பாரம் முழுசையும் இருவத்தொம்போது வயசுப் பையன் ஒருத்தன் தலையில கூடைக் கயிறு மாதிரி மாட்டி விடுறதும் நியாயமில்ல. தோட்டம் வெடி போட்டுச்சுங்கிறதுக்காக அவன் வாழ்க்க பூரா தோட்டத்துக்குக் கடன்காரனா?

அந்தத் தங்கச்சி கதை என்னாச்சுன்னு கேப்பீங்க. கிறீம் நான் குடுக்கல. தம்பிகிட்ட அனுப்புனேன், அவன் சும்மா நிப்பாட்டச் சொல்லல, எப்படி நிப்பாட்டணும்னு படிப்படியா எழுதிக் குடுத்தான், முதல் மூணு வாரம் மூஞ்சி இப்பவிட மோசமாகும், பயந்து திரும்பப் பூசிறாத தங்கச்சின்னு முன்னாடியே சொல்லி வச்சான், தோல் கிளினிக்குக்கு கடிதமும் குடுத்தான். மூணாவது வாரம் அந்தப் புள்ள அழுதுக்கிட்டு போன் பண்ணுச்சாம், ராத்திரி பத்து மணிக்கு, இவன் எடுத்து பேசியிருக்கான். ரெண்டரை மாசம் கழிச்சு கடைக்கு வந்துச்சு, மூஞ்சியில துணி இல்ல, கையில குடை. எரிச்சல் போயிருச்சு, நரம்பு இன்னும் கொஞ்சம் தெரியுது, நெறம் அதோட சொந்த நெறம். அது சந்தோஷமா வந்துச்சான்னு கேட்டா, சொல்லத் தெரியல. "கறுத்துட்டேன்லண்ணே"ன்னுதான் முதல்ல கேட்டுச்சு. நான் சன்ஸ்கிறீன் ஒன்ன எடுத்து வச்சேன், வெலைய பாத்துட்டு சின்னதா இருக்கான்னு கேட்டுச்சு.

தம்பி இன்னும் முடிவு எடுக்கல. தோல் வைத்தியத்துக்கு பி.ஜி. சோதனை ஒரு தடவ எழுதிப் பாக்குறேன்னான், அது சரி வராட்டி கண்டியில ஒரு சீனியர்கிட்ட ஒரு வருஷம் சனி ஞாயிறுல கூட நின்னு பழகிட்டு அப்புறம் பாப்போம்னான். மெஷின் லோனுக்கு பேங்க்காரங்க குடுத்த பேப்பர மடிச்சு பொக்கெட்லயே வச்சிருக்கான், கிழிக்கவும் இல்ல கையெழுத்துப் போடவும் இல்ல.

நேத்து போன் பண்ணுனான். மருந்து ஓடர் பண்றதுக்கோன்னு நெனச்சேன்.

"அண்ணே, ஹையலூரோனிடேஸ் எங்க எடுக்கலாம்?"

"ஃபில்லரே வாங்கல, அதுக்குள்ள அது எதுக்கு தம்பி?"

"அது கெடைக்குமான்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கப்புறம் மத்தத யோசிக்கலாம்னு இருக்கேன்."

கொழும்புல கேட்டுப் பாக்குறேன்னு சொல்லி ஓடர் புக்ல எழுதி வச்சேன்.